லான்சியாவைப் பந்தயமா கெடுத்தது?

உலக ராலி சாம்பியன்ஷிப்பில் தயாரிப்பாளர்களுக்கான பட்டத்தை லான்சியா பத்து முறை வென்றது: 1974, 1975, 1976, 1983, அப்புறம் 1987 முதல் 1992 வரை ஒரு வருடம்கூட விடாமல் ஆறு முறை. கடைசிப் பட்டம் வாங்கி முப்பது வருடம் கழிந்த பிறகும் அந்த எண்ணிக்கையை யாரும் தொட்டிருக்கவில்லை. அதே லான்சியா 2017-இல் இத்தாலிக்கு வெளியே கடையை மூடிக்கொண்டது. உள்நாட்டில் விற்பதற்கும் இப்சிலான் என்ற ஒரே ஒரு சிறிய கார்தான் மிச்சமிருந்தது.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவில் என்ன நடந்தது? கார் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். பந்தய மோகம் கம்பெனியைத் தின்றுவிட்டது என்பது ஒரு பதில். பந்தயம் இல்லாவிட்டால் அந்தப் பெயர் என்றோ மறைந்திருக்கும் என்பது இன்னொன்று. முதல் கட்சிக்கு 1955-ஆம் ஆண்டு பெரிய சாட்சி. இரண்டாவது கட்சிக்கு 1987 முதலான ஆறு ஆண்டுகள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதற்கான காரணம் கோப்பைகளின் எண்ணிக்கையில் இல்லை. லான்சியாவின் பந்தய வண்டிகளையும் அதே காலத்தில் அது சாலைக்கு விற்ற வண்டிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

வின்சென்சோ லான்சியா ஃபியட்டின் பந்தய ஓட்டுநராகப் பேர் வாங்கியவர். 1904-இல் பிரெஷாவில் கோப்பா ஃப்ளோரியோவை வென்றார். 1905-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் கோப்பைப் போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது வால்டர் கிறிஸ்டியின் காரோடு மோதி வாய்ப்பை இழந்தார். 1906 நவம்பரில், ஃபியட்டில் உடன் வேலை பார்த்த கிளாடியோ ஃபோகோலினைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு டூரினில் சொந்தத் தொழில் தொடங்கினார். இப்படிப்பட்ட மனிதர் தன் கம்பெனியின் பேரில் ஒரு பந்தய அணியை நடத்த முனையவே இல்லை. வேகத்தை அவர் வண்டியின் அமைப்புக்குள்ளேயே தேடினார்.

1922-இல் அவர் காட்டிய லாம்ப்டாதான் அந்தத் தேடலின் விளைச்சல். அந்தக் காலத்துக் கார் என்றால் கீழே ஏணி போல ஓர் இரும்புச் சட்டம், அதன் மேல் தூக்கி வைத்த உடல். லாம்ப்டாவில் அந்தச் சட்டமே கிடையாது. உடலே பாரம் தாங்கியது. அதனால் வண்டி தரையோடு ஒட்டி நின்றது. முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்கியதால் ஒன்று பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது அசையவில்லை. நான்கு சிலிண்டர்களையும் மிகக் குறுகிய கோணத்தில் வி வடிவில் அடுக்கி, இரண்டு வரிசைக்கும் ஒரே தலைமூடி போட்டிருந்தார்கள். எஞ்சின் அவ்வளவு குட்டையாக இருந்ததால் எடை எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பொறியாளர் தீர்மானிக்க முடிந்தது. குதிரைத்திறனைக் கூட்டாமலே வளைவில் வேகம் கிடைத்தது. பின்னால் வந்த எல்லா நல்ல லான்சியாவிலும் இந்த அணுகுமுறை இருக்கிறது. 1937 பிப்ரவரியில் வின்சென்சோ திடீரென்று இறந்தபோது அவருடைய கடைசிப் படைப்பான அப்ரிலியா அப்போதுதான் விற்பனைக்கு வரத் தயாராகிக்கொண்டிருந்தது.

போருக்குப் பின் நிர்வாகம் மகன் ஜியானியின் கைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அப்பா விலகி நின்ற பந்தயத்தில் மகன் முழுசாக இறங்கினார். அவருக்குத் துணை நின்றவர் விட்டோரியோ யானோ. போருக்கு முன் ஆல்ஃபா ரோமியோவின் வெற்றி வண்டிகளை வடித்த அதே யானோ. 1950-இல் வெளிவந்த ஔரேலியாவுக்காக பிரான்செஸ்கோ டி விர்ஜிலியோ ஆறு சிலிண்டர் வி எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். தொடர் உற்பத்திக்குப் போன முதல் வி6 அது. கியர்பாக்ஸை எஞ்சினோடு வைக்காமல் பின் அச்சுக்குக் கொண்டுபோய், முன்னும் பின்னும் எடையைச் சமன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு வந்த பி20 ஜிடி என்ற இரு கதவு வடிவம், சாலையில் ஓட்டிப்போய் அப்படியே பந்தயத்திலும் நிறுத்தக்கூடிய வண்டி. 1951 மில்லே மில்யாவில் ஜியோவானி பிராக்கோ இரண்டு லிட்டர் பி20-ஐ ஓட்டி, அதைப்போல இரு மடங்கு பெரிய எஞ்சின் கொண்ட ஒரு ஃபெராரிக்கு அடுத்தபடியாக வந்தார். 1952-இல் டார்கா ஃப்ளோரியோவின் முதல் மூன்று இடங்களும் பி20-களுக்கே. 1954 மான்டே கார்லோ ராலியை அதே வகை வண்டியில் லூயி ஷிரோன் வென்றார்.

ஜியானிக்கு அது போதவில்லை. டி20, டி23, டி24 என்று பந்தயத்துக்கென்றே வண்டிகள் வரிசையாக வந்தன. 1953-இல் மெக்சிகோவின் குறுக்காக ஓடும் கரேரா பனாமெரிக்கானாவில் ஃபாஞ்சியோ, தாருஃபி, காஸ்டெலோட்டி மூவரும் லான்சியாக்களில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தார்கள். ஆனால் அணியின் இன்னோர் ஓட்டுநர் ஃபெலிசே போனெட்டோ அதே பந்தயத்தில் உயிரிழந்தார்.

அடுத்தது ஃபார்முலா 1. 1952, 1953 இரண்டு வருடமும் ஃபெராரியில் உலகச் சாம்பியனான ஆல்பர்ட்டோ அஸ்காரியை அழைத்து வந்தார்கள். டி50 தயாராகவே 1954-இன் கடைசிப் பந்தயம் வரை ஆனது. பார்சிலோனாவின் பெட்ரால்பெஸ் தெருக்களில் முதல் முறை இறங்கிய அன்றே தகுதிச்சுற்றில் அதுவே அதிவேக வண்டி.

டி50-ஐ நின்று பார்க்க வேண்டும். இரண்டரை லிட்டர் வி8 எஞ்சினைச் சட்டத்துக்குள் நேராக வைக்காமல் சற்றுச் சாய்கோணத்தில் வைத்தார் யானோ. பின் சக்கரத்துக்குத் திறனைக் கொண்டுபோகும் தண்டு ஓட்டுநரின் அடியில் போகாமல் அவர் பக்கவாட்டில் போனது. அதனால் இருக்கையைத் தாழ இறக்க முடிந்தது. எஞ்சின் உடலே சட்டத்தின் ஓர் உறுப்பாகப் பாரம் தாங்கியது. எல்லோரும் வாலில் வைத்த பெட்ரோல் டேங்கை இரண்டாகப் பிரித்து, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வலமும் இடமுமாகத் தொங்கவிட்டார். பந்தயம் நீள நீள எரிபொருள் தீரும். வாலில் டேங்க் இருந்தால் வண்டியின் நடத்தையும் சுற்றுக்குச் சுற்று மாறும். டி50-இல் அந்த மாற்றம் மிகக் குறைவு. முப்பது வருடத்துக்கு முன் லாம்ப்டாவில் கேட்ட அதே கேள்விதான்: எடை எங்கே உட்கார வேண்டும்?

1955 மே 22-ஆம் தேதி மொனாக்கோவில் அஸ்காரியின் டி50 தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுக நீரில் விழுந்தது. நீந்திக் கரையேறினார். நான்கு நாள் கழித்து மான்சாவில் நண்பர்களோடு இருந்தவர், ஒரு ஃபெராரியைச் சில சுற்று ஓட்டிப் பார்க்க எடுத்துப்போய் விபத்தில் இறந்தார். அந்தக் கோடையிலேயே லான்சியா தன் டி50 வண்டிகளையும் உதிரிகளையும் ஃபெராரியிடம் ஒப்படைத்தது. யானோவும் அங்கே போனார். 1956-இல் ஃபாஞ்சியோ உலகப் பட்டம் வென்றது ஃபெராரி பேரில் ஓடிய அந்த வண்டியின் மறுவடிவத்தில்தான். கம்பெனி குடும்பத்தின் கையை விட்டு சிமென்ட் தொழிலதிபர் கார்லோ பெசென்டியிடம் போனது.

பந்தயம்தான் லான்சியாவைக் கெடுத்தது என்பவர்கள் சுட்டிக்காட்டும் இடம் இது. பந்தயச் செலவு பளுவாக இருந்தது உண்மை. ஆனால் ஔரேலியாவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். சாதாரணக் குடும்பத்துக்கான காரிலும் வி6, பின் அச்சில் கியர்பாக்ஸ், உள்பக்கமாக வைத்த பின் பிரேக்குகள் என்று எதையும் மலிவாகச் செய்ய மனம் வராத கம்பெனி அது. ஃபியட் பக்கத்திலேயே லட்சக்கணக்கில் மலிவு வண்டி உருட்டித் தள்ளிக்கொண்டிருந்த ஊரில் இப்படித் தொழில் செய்தால், பந்தய அணி இல்லாமல் இருந்தாலும் கணக்கு உதைத்திருக்கும். ஏற்கெனவே இருந்த நோயை டி50 வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்பதே என் முடிவு.

அறுபதுகளில் பந்தயம் திரும்பி வந்தபோது கையில் காசில்லை. அதுவே நல்லதாகவும் போயிற்று. 1963-இல் செசாரே ஃபியோரியோ என்ற இளைஞர் எச்எஃப் ஸ்குவாத்ரா கோர்ஸே என்ற அணியைத் தொடங்கினார். அவருடைய அப்பா சான்ட்ரோ லான்சியாவின் மக்கள் தொடர்பு அதிகாரி. எச்எஃப் என்பது லான்சியாவை விட்டு வேறு வண்டி வாங்காத விசுவாச வாடிக்கையாளர்கள் வைத்திருந்த சங்கத்தின் பெயர். ஜியானி காலத்துப் பந்தய வண்டிகளில் ஒட்டியிருந்த ஓடும் யானைச் சின்னத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஆர்வலர் குழுவாக இருந்தது, சில ஆண்டுகளில் கம்பெனியின் அதிகாரபூர்வ அணியாயிற்று.

ஃபியோரியோவிடம் இருந்த ஆயுதம் ஃபுல்வியா கூப்பே. முன் சக்கர இயக்கம், சாய்த்து வைத்த சிறிய வி4. எச்எஃப் வடிவத்தில் கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம்; பம்பர்கூடக் கிடையாது. 1969-இல் எஞ்சினை 1.6 லிட்டராக்கினார்கள். அகன்ற முன்விளக்கால் இத்தாலியர்கள் அதை ஃபனலோனே, அதாவது பெரிய விளக்குக்காரன், என்று செல்லமாக அழைத்தார்கள். சாலை வடிவத்தில் சுமார் 115 குதிரைத்திறன். அந்த வருடமும் அடுத்த வருடமும் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை ஸ்வீடனின் ஹாரி ஷெல்ஸ்ட்ரோம் இதில் வென்றார். 1972 மான்டே கார்லோவில் சான்ட்ரோ முனாரியும் மரியோ மன்னூச்சியும் அல்பீன்களையும் போர்ஷேக்களையும் தாண்டி முதலாவதாக வந்தார்கள். அந்த வண்டிகளுக்குத் திறன் அதிகம். பனியும் பனிக்கட்டியும் கலந்த ஆல்ப்ஸ் மலைப்பாதையில் முன் சக்கரப் பிடியும் ஓட்டுநரின் நிதானமும் அதைவிடப் பெரிதாக இருந்தன. உலக ராலி சாம்பியன்ஷிப் பிறப்பதற்கு முந்தைய அந்த ஆண்டில் சர்வதேசத் தயாரிப்பாளர் பட்டமும் லான்சியாவுக்கே. ஷோரூமில் ஃபுல்வியா வாங்கிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் தன் வண்டிதான் ஜெயித்தது என்று உரிமையோடு சொல்லிக்கொள்ள முடிந்த வெற்றி அது.

இதற்குள் கம்பெனி மறுபடி மூழ்கியிருந்தது. 1969-இல் ஃபியட் அதைப் பெயரளவு விலைக்கும் பெருங்கடனுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஃபெராரியின் பாதிப் பங்கும் ஃபியட்டிடம் வந்தது. ஸ்ட்ராடோஸ் என்ற ராலி வண்டி பிறந்தது இந்த இரண்டு கையெழுத்துகளால்தான்.

1970 டூரின் கண்காட்சியில் பெர்டோனே நிறுவனம் ஸ்ட்ராடோஸ் ஸீரோ என்ற காட்சி வண்டியை வைத்தது. மார்செல்லோ காந்தினி வரைந்தது. உயரம் சுமார் 84 செ.மீ. நூச்சியோ பெர்டோனே அதை லான்சியா ஆலைக்கு ஓட்டிப்போனபோது வாயில் காவலர் தடுப்புக் கட்டையைத் தூக்கும் முன்பே அதன் அடியிலேயே புகுந்து உள்ளே போனார் என்று சொல்வார்கள். அந்தக் காட்சி வண்டியை அப்படியே ராலியில் ஓட்ட முடியாது. ஆனால் ஃபியோரியோ அங்கே வேறொன்றைக் கண்டார்: ஏதோ ஒரு குடும்பக் காரை மாற்றிச் செய்யாமல், ராலிக்கென்றே பிறக்கும் ஒரு வண்டி. அதுவரை உலகத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

காந்தினியே மறுபடி வரைந்த ஸ்ட்ராடோஸ் எச்எஃப், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.18 மீட்டரே இடைவெளி கொண்டது. நீளம் குறைவு, அகலம் அதிகம். எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். தவறாகத் தொட்டால் வால் முந்திக்கொள்ளும். முன் கண்ணாடி தலைக்கவசத்தின் முகப்பைப் போல வளைந்து சுற்றி வருகிறது. தூண்கள் பார்வையை மறைப்பதில்லை. கதவுகளின் உட்புறத்தில் தலைக்கவசம் வைக்க ஆழமான குழி. பின்பாகம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். சாலையோரத்தில் ஐந்து நிமிட அவகாசத்தில் மெக்கானிக்குகள் நான்கு பக்கமும் நின்று வேலை செய்யலாம். அழகுக்காகப் பார்க்கப்படும் இந்த வண்டியில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதில் பாதி, வேலைக்காகப் போட்ட கோடுகள்.

எஞ்சின் ஃபெராரியின் டினோ வி6, 2.4 லிட்டர், சாலை வடிவத்தில் 190 குதிரைத்திறன். டினோ வி6 வரிசை ஐம்பதுகளில் ஃபெராரியில் உருவானபோது அதற்கு வழிகாட்டியவர் யாரென்றால், டி50-களோடு லான்சியாவிலிருந்து போன யானோதான். அவர் 1965-இல் இறந்துவிட்டார். ஔரேலியாவில் வி6-ஐ முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த வீட்டுக்கு, ஃபெராரி வழியாகச் சுற்றி இன்னொரு வி6 வந்து சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. லான்சியாவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கண்ணி இது.

குரூப் 4 விதிப்படி சில நூறு வண்டிகள் கட்ட வேண்டும். ஸ்ட்ராடோஸ் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாகவே கட்டப்பட்டது. 1974 அக்டோபரில் அங்கீகாரம் கிடைத்தது; அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் உலகப் பட்டம். மான்டே கார்லோவை முனாரி 1975, 76, 77 என்று தொடர்ந்து மூன்று முறை எடுத்தார். கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி மட்டும் கடைசிவரை கைக்கு எட்டவில்லை. அதற்குப் பிறகு ஃபியட், தான் விற்கும் 131 செடானுக்கு விளம்பரம் வேண்டும் என்று அணியின் பணத்தை அந்தப் பக்கம் திருப்பியது. தனியார் குழுக்கள் ஸ்ட்ராடோஸை விடவில்லை. 1979 மான்டே கார்லோவில் பெர்னார் டார்னிஷ் ஆறு வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 1981-இல் கோர்சிகாவையும் வென்றார்.

இவ்வளவு வென்ற வண்டி விற்றதா என்றால், இல்லை. முகவர்களிடம் ஸ்ட்ராடோஸ்கள் பல வருடம் தூங்கின. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும் என்று கார் வியாபாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஃபுல்வியாவுக்கு அது பலித்தது, ஏனென்றால் ஜெயித்த வண்டியும் விற்ற வண்டியும் ஒன்று. ஸ்ட்ராடோஸ் ஜெயித்த திங்கட்கிழமை கடையில் நின்றது பீட்டா.

அந்த பீட்டாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. 1972-இல் வந்த, ஃபியட் காலத்தின் முதல் லான்சியா. ஓட்டுவதற்கு அருமையான கார் என்று எழுதினார்கள். ஆனால் முதல் வரிசை செடான்களில் எஞ்சினைத் தாங்கும் பகுதி துருப்பிடித்து அரித்தது. 1980-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இதைக் கையில் எடுத்தன. கம்பெனி வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நாட்டில் லான்சியா என்றாலே துரு என்ற பேச்சு நிலைத்தது. 1994-இல் அந்தச் சந்தையை விட்டே வெளியேறினார்கள். ஆறு உலகப் பட்டங்களும் அந்தக் கறையைக் கழுவவில்லை.

வட்டப் பாதைப் பந்தயங்களை இங்கே சுருக்கமாகத் தாண்டிவிடலாம். பீட்டா மான்டேகார்லோ டர்போ 1979 முதல் 1981 வரை நன்றாக ஓடியது. எல்சி2 என்ற பந்தய வண்டி ஒரு சுற்றில் மின்னல். 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 956-க்கு ஈடு கொடுக்க முடியவில்லை. லான்சியாவின் நிலம் மலைப்பாதையும் மண் சாலையும்தான்.

1980-களின் தொடக்கத்தில் ஆவ்டி குவாட்ரோ நான்கு சக்கர இயக்கத்தோடு வந்து எல்லோரையும் பழையவர்களாக்கியது. அப்போது லான்சியா கொண்டுவந்த 037, இரண்டு பின் சக்கரங்களால் மட்டும் இயங்கியது. வடித்தவர்கள் ஃபியட் குழுமத்தின் பந்தயப் பிரிவான அபார்த்தின் பொறியாளர்கள். எண்ணிட்ட திட்டப் பெயரே வண்டியின் பெயராயிற்று. இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு டர்போ போடாமல் சூப்பர்சார்ஜர் போட்டார்கள். டர்போவில் மிதித்த பிறகு திறன் வரக் காத்திருக்க வேண்டும்; சூப்பர்சார்ஜர் எஞ்சினோடேயே சுழல்வதால் மிதித்த கணமே தள்ளும். வண்டி லேசு, பராமரிக்கச் சுலபம்.

1983-இல் வால்டர் ரோர்லும் மார்க்கு அலேனும் அதை ஓட்டினார்கள். பனி இல்லாத தார்ச் சாலையில் 037 வேகம். பனியிலும் சேற்றிலும் குவாட்ரோ வேகம். ஆகவே ஃபியோரியோ ஒவ்வொரு ராலியையும் சதுரங்கக் காய் நகர்த்துவது போல யோசித்தார். மான்டே கார்லோ மலைச்சாலைகளில் பனிக்கட்டி உருகுவதற்காக உப்புத் தூவ ஏற்பாடு செய்தார்கள் என்பதும், இடைவழியில் வண்டியை நிறுத்தி டயர் மாற்றினார்கள் என்பதும் ராலிக்காரர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதைகள். ஸ்வீடன் போன்ற, ஜெயிக்க வாய்ப்பில்லாத இடங்களில் சக்தியை விரயம் செய்யவில்லை. ஆண்டு முடிவில் லான்சியா 118 புள்ளி, ஆவ்டி 116. இரண்டு சக்கர இயக்கத்தில் உலக ராலிப் பட்டம் வென்ற கடைசி வண்டி 037.

அந்த வித்தையை மறு வருடம் திரும்பச் செய்ய முடியவில்லை. பதிலாக 1985 இறுதியில் வந்தது டெல்டா எஸ்4. பெயரும் முகச்சாடையும் மட்டும்தான் டெல்டா. உள்ளே குழாய்ச் சட்டம், நடுவில் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். எஞ்சின் அளவு 1759 கன செ.மீ. டர்போ எஞ்சினின் அளவை 1.4-ஆல் பெருக்கிப் பிரிவை நிர்ணயிப்பது அன்றைய விதி. பெருக்கினால் இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் கீழே நிற்கும். அந்தப் பிரிவுக்கு 890 கிலோ வரை எடையைக் குறைக்க அனுமதி உண்டு. விதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பிறந்த எஞ்சின் அது. குறைந்த சுழற்சியில் சூப்பர்சார்ஜர் ஊதும். சுழற்சி ஏறியதும் டர்போ பொறுப்பெடுத்துக்கொள்ளும். ஆக, எந்த வேகத்திலும் எஞ்சினுக்கு மூச்சுத் திணறல் இல்லை. பந்தய வடிவத்தில் 450 குதிரைத்திறனைத் தாண்டியது. முதல் உலகப் போட்டியான ஆர்ஏசி ராலியில் ஹென்ரி டோய்வோனனும் அலேனும் முதல் இரண்டு இடங்களில் வந்தார்கள். 1986 ஜனவரியில் மான்டே கார்லோவையும் டோய்வோனன் வென்றார்; இருபது வருடத்துக்கு முன் அவருடைய அப்பா பௌலி வென்ற அதே ராலி.

1986 மே 2-ஆம் தேதி கோர்சிகாவில், முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த டோய்வோனனின் எஸ்4 ஓர் இடப்பக்க வளைவில் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. எரிபொருள் டேங்குகள் இருக்கைகளுக்கு அடியில் இருந்தன. உடல் தகடுகள் எல்லாம் எரியக்கூடிய இழைப் பொருள்கள். டோய்வோனனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். பார்த்த சாட்சி யாருமில்லை. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. மிஞ்சியது கருகிய குழாய்ச் சட்டம். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன், அதே தேதியில், அதே கோர்சிகாவில் அட்டிலியோ பெட்டேகா 037-இல் உயிரிழந்திருந்தார். 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு ஃபோர்டு கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்திருந்தார்கள். கோர்சிகா விபத்து நடந்த சில நாட்களுக்குள் 037, எஸ்4 போன்றவை அடங்கிய குரூப் பி பிரிவு வண்டிகளுக்கு அடுத்த ஆண்டிலிருந்து தடை என்று அறிவிப்பு வந்தது.

குரூப் பி காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடும் எழுத்துகள் நிறைய. எஸ்4-இன் பொறியியலை நானும் வியக்கிறேன். ஆனால் எடை குறைப்பதற்காக மனிதனைப் பெட்ரோலின் மேல் உட்கார வைத்த வண்டியை, லாம்ப்டாவிலிருந்து வந்த வரிசையின் உச்சி என்று என்னால் சொல்ல முடியாது. 'எடை எங்கே உட்கார வேண்டும்' என்ற பழைய கேள்விக்கு அங்கே தவறான பதில் எழுதப்பட்டது.

தடைக்குப் பின் குரூப் ஏ. வருடத்துக்கு 5,000 வண்டி கட்டினால்தான் பந்தயத்தில் இறக்கலாம். மற்ற கம்பெனிகள் கையில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது லான்சியாவிடம் டெல்டா எச்எஃப் 4டபிள்யூடி தயாராக இருந்தது. 1979-இல் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ வரைந்த, ஐந்து கதவுள்ள, மளிகை வாங்கப் போகும் குடும்பக் கார். 1980-இன் ஐரோப்பிய ஆண்டுக் கார் விருது பெற்றது. அதற்குள் இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், நடுவில் பிசுபிசுப்புத் திரவத்தால் இயங்கும் இணைப்பு, பின் அச்சில் டோர்சன் டிஃபரன்ஷியல் என்று நான்கு சக்கர இயக்கம். 165 குதிரைத்திறன். 1987-இன் முதல் ராலியிலேயே மிக்கி பியாசியோன் வென்றார். அந்த வருட ஓட்டுநர் பட்டம் யூஹா கங்குனனுக்கு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்தின் மையம். பந்தயத்தில் அகலச் சக்கரம் வேண்டியிருந்தது. ஆகவே 1987 கடைசியில் வந்த இன்டெக்ராலே என்ற வடிவத்தின் சக்கர வளைவுகள் புடைத்தன. பதினாறு வால்வு எஞ்சின் உயரமாக இருந்தது. 1989-இல் பானெட்டில் ஒரு மேடு எழுந்தது. முன்பக்கம் பாரமாக இழுத்தது. திறனில் பெரும் பங்கு பின் சக்கரங்களுக்கு மாற்றப்பட்டது. குளிர்ச்சி போதவில்லை, முகப்பில் துளைகள் பெருகின. 185, 200, கடைசி எவொலூசியோனே வடிவங்களில் 210, 215 என்று குதிரைத்திறன் ஏறியது. ஒவ்வொரு மாற்றமும் ஏதோ ஒரு மலைப்பாதையில் கண்ட குறைக்கு மருந்து. விதி காரணமாக அந்த மருந்து ஆயிரக்கணக்கான சாதாரண வாடிக்கையாளர்களின் வீட்டு வாசலுக்கும் வந்தது. டெல்டாவை வாங்கியவர் பந்தயக் குழுவின் முந்தைய வருட நோட்டுப் புத்தகத்தை வாங்கினார் என்றே சொல்லலாம்.

1988, 1989 இரண்டு வருடமும் பியாசியோன் உலகச் சாம்பியன். ஸ்ட்ராடோஸுக்கு எட்டாத சஃபாரியையும் அந்த இரண்டு வருடமும் அவரே வென்றார். 1991-இல் மறுபடி கங்குனன். அந்த வருடக் கடைசியில் கம்பெனி அணியைக் கலைத்தது. 1992-இல் ஜாலி கிளப் என்ற குழுவின் பேரில் ஓடியபோதும் டிடியே ஓரியோல் ஒரே ஆண்டில் ஆறு ராலிகளை எடுத்தார்; ஓட்டுநர் பட்டம் டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸுக்குப் போனாலும் தயாரிப்பாளர் பட்டம் லான்சியாவுக்குத்தான். உலகப் போட்டிகளில் குரூப் ஏ டெல்டாக்களின் மொத்த வெற்றிகள் 46.

அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? 1993-இல் இரண்டாம் தலைமுறை டெல்டா வந்தது. அதில் நான்கு சக்கர இயக்கமே இல்லை. வேகமான வடிவத்துக்கும் எச்எஃப் என்ற எழுத்தை ஒட்டினார்கள். இயங்கியது முன் சக்கரம் மட்டும். பதினைந்து வருடம் பழைய உடலில் கட்டப்பட்ட இன்டெக்ராலே 1994-இல் ஓய்ந்ததும் அதன் இடம் காலியாகவே கிடந்தது. அதே சமயம் ஜப்பானில் சுபாருவும் மிட்சுபிஷியும் இம்ப்ரெஸா, லான்சர் எவொலூஷன் என்று, டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட குடும்பக் கார்களை வருடா வருடம் பந்தயத்தில் தேற்றி விற்றுக்கொண்டிருந்தன. டெல்டா போட்ட வழி அது. போட்டவர்கள் அதில் நடக்காமல் நின்றுவிட்டார்கள்.

ஃபியட் குழுமத்துக்குள் விளையாட்டுத்தனமான வேகம் ஆல்ஃபா ரோமியோவின் பங்கு, சொகுசு லான்சியாவின் பங்கு என்று பாகம் பிரித்தார்கள். லான்சியாவுக்கென்று தனிப் பொறியியல் நிற்க, குழுமத்தின் பொது அடித்தளங்களின் மேல் நல்ல துணி போர்த்தும் வேலை மிஞ்சியது. 2011-இல் அமெரிக்கக் கிறைஸ்லர் கார்களுக்கே லான்சியா பெயர்ப்பட்டை ஒட்டி தேமா, வாயேஜர் என்று விற்றார்கள். பந்தயத்துக்கும் இந்தச் சரிவுக்கும் என்ன தொடர்பு? பந்தயம் இருந்தவரை அபார்த் பட்டறையில் யாரோ ஒருவர் லான்சியா என்ற பெயரில் புதிதாக ஒன்றை யோசித்தே ஆக வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 1991-இல் போனது. கம்பெனியின் பொறியியல் பழக்கம் ஃபியட் காலத்தில் உயிரோடு இருந்த கடைசி அறை பந்தயப் பிரிவுதான். அதன் விளக்கை அணைத்த பிறகு வீட்டில் வேறு விளக்கு இல்லை.

2024-இல் புதிய இப்சிலான் வந்தது. லான்சியா மறுபடி சில ஐரோப்பிய நாடுகளில் விற்கத் தொடங்கியிருக்கிறது. எச்எஃப் எழுத்தும் திரும்பியிருக்கிறது: சாலைக்கு 280 குதிரைத்திறன் கொண்ட மின்சார வண்டி, ராலிக்கு 1.2 லிட்டர் டர்போ எஞ்சினும் முன் சக்கர இயக்கமும் கொண்ட ராலி4. அதைத் தேற்றும் வேலையில் மிக்கி பியாசியோனும் பங்கெடுத்தார். இப்சிலானின் அடித்தளம் பூஜோவும் ஓப்பலும் பகிர்ந்துகொள்வது. சாலைக்கான எச்எஃப் மின்சாரத்தில் ஓட, ராலிக்கானது பெட்ரோலில் ஓடுகிறது. ஸ்ட்ராடோஸுக்கும் பீட்டாவுக்கும் இடையில் இருந்த இடைவெளி இது. ராலியில் கற்றது எதுவும் அடுத்த இப்சிலானின் சஸ்பென்ஷனிலோ பிரேக்கிலோ எடையிலோ வந்து சேரும்படி யாராவது ஏற்பாடு செய்கிறார்களா என்பதை அடுத்த மூன்று நான்கு வருட மாடல்களில் பார்த்துவிடலாம்.